ஐம்பது குதிரை போதும்

போன ஞாயிறு கோத்தகிரி டீக்கடை வாசலில் ஒரு தம்பி என் பழைய ஐம்பது குதிரைசக்தி கார்புரேட்டர் மாருதி ஜென் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அண்ணா, கையில ஒன்றரை லட்சம் இருக்கு. என்கிட்ட இருக்கற ஜென்னுக்கு மாருதி எஸ்டீம் எஞ்சின் மாத்திடலாமா? டர்போ போட்ட ஃபோக்ஸ்வேகன் போலோ ஒண்ணை மேட்டுல முந்தணும்" என்றான். நின்ற நிலையில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

சின்ன வண்டியை வைத்துப் பெரிய வண்டியை முந்தும் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. 1964 மாண்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் 1071 சிசி மினி கூப்பரில்தான் ஜெயித்தார். எதிரே எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் போட்ட பெரிய ஃபோர்டு ஃபால்கன்கள். நம் மலையடிவாரக் கோவையில் கரிவரதன் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் கார்களைக் கட்டினார். அந்தக் கார்களில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார்.

ஆனால் காசை எஞ்சினில் கொட்டாதே, தம்பி. ஆயிரம் மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கீழே 85 குதிரை காட்டும் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஸ்டீம் எஞ்சின், அதைப்போல் இரண்டு மடங்கை ஒட்டிய உயரத்தில் இருக்கும் இங்கே 70-ஐ ஒட்டித்தான் இழுக்கும். டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதால் அந்த அளவுக்கு இழக்காது. அப்புறம், எஞ்சின் மாற்ற ஆர்டிஓ அனுமதியும் வேண்டும்.

முதல் காசு பிரேக்குக்கு. எனக்கு இது பட்டுத் தெரிந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பட்டறையில் கார்புரேட்டர் ஜெட் மாற்றி, சைலன்சர் மாற்றி, வண்டி சீறுகிறது என்ற குஷியில் அரவேணு தாண்டி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பிரேக் ஆயிலை அவர்கள் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் கருகின வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடலை மிதித்தேன், கால் தரை வரை போனது. ஈரம் ஏறிய பழைய ஆயில் சூட்டில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழி வந்துவிட்டால் பெடலில் அழுத்தமே இருக்காது. இரண்டாம் கியரில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மண் திட்டில் உரசி நிறுத்தினேன். பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கை நடுக்கம் அடங்க அரை மணி நேரம் ஆனது.

அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் பிரேக்: டாட் 4 தரத்தில் புது பிரேக் ஆயில், நல்ல பிரேக் பேட், பின் பிரேக் டிரம் சுத்தம். அடுத்து டயர், நாலும் ஒரே கம்பெனி, ஒரே வயசு. பிறகு ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ். ஸ்பிரிங்கை மட்டும் வெட்டாதே, மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டுவிடும். ஜென்னின் எடை முக்கால் டன்னை ஒட்டித்தான், போலோ ஒரு டன்னுக்கு மேல். வளைவிலும் பிரேக்கிலும் உனக்கு இருக்கும் லாபம் அங்கேதான்.

இன்னொன்று. மலை ரோட்டில் போட்டி வேண்டவே வேண்டாம். எதிரே தேயிலை லாரி வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடப்பார்கள், பனி இறங்கினால் காட்டெருமை நிற்பதே தெரியாது. கீழே செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே டிராக் இருக்கிறது. அங்கே ஒரு நாள் ஒரு டர்போ கார் நேர் ரோட்டில் என்னைத் தூசாக்கிப் போனது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அதன் பிரேக் விளக்கு எனக்கு முன்பே எரிந்தது. ஐந்தாவது சுற்றில் வளைவின் உள்பக்கம் அதன் கதவோரம் என் முன் சக்கரம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைக் கோத்தகிரி ரோட்டில் நான் ஒருநாளும் அனுபவித்ததில்லை.

அடுத்த தடவை நான் கீழே போகும்போது வா. பிரேக் ஆயில் மட்டும் மாற்றிவிட்டு வா. ஹெல்மெட் என்னிடம் இன்னொன்று இருக்கிறது.