தேவிகுளமும் பீருமேடும் ‘தாரைவார்க்கப்பட்டனவா’?

“தமிழ்நாட்டிடம் இருந்த தேவிகுளத்தையும் பீருமேட்டையும் 1956இல் கேரளத்துக்குத் தாரைவார்த்தார்கள், அன்றுமுதல் அங்கே தமிழரும் மலையாளிகளும் இரு அரசியல் முகாம்களாக நிற்கிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியின் இரு பாதிகளும் தவறானவை.

இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள இவ்விரு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை அவை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றுடன் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக் கேட்டிருந்த இம்மலைப்பகுதிகள் கிடைக்கவில்லை. அங்கே தமிழர் திரளாக வாழ்வதற்குக் காரணம் தோட்ட வேலைக்காக வந்த தொழிலாளர் குடியேற்றமே என்று கருதிய, மாநில எல்லைகளை மறுசீரமைக்க அமைந்த ஃபசல் அலி ஆணையம் கோரிக்கையை ஏற்கவில்லை. அந்த ஏமாற்றம் நியாயமானதே. ஆனால் கேட்டுக் கிடைக்காததும் கையிலிருந்ததைக் கொடுத்ததும் ஒன்றாகா.

மொழிவாரி முகாம் என்பதும் நிற்காத கூற்று. தேவிகுளம் தாலுகாவிலுள்ள மூணாறில் தமிழ் வாக்காளர்கள் காங்கிரஸ், இடதுசாரி என இருபுறமும் பிரிந்தே வாக்களித்து வருகிறார்கள். தேவிகுளத்தில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா 2021இல் கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். 2015இல் ‘பெம்பிளை ஒருமை’யாக (பெண்கள் ஒற்றுமை) அங்கே திரண்ட தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் போனசும் கூலியும் கேட்டு எதிர்த்து நின்றது தோட்ட நிர்வாகத்தையும் தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும்தான்.