ஓவியர்கள் தத்துவத்துக்குப் படம் போடுகிறவர்கள் அல்லர்

நவீன ஓவியம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பலவற்றில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். ஓவியரின் பெயர் வந்த கையோடு ஒரு தத்துவவாதியின் பெயரும் வந்துவிடும். பிறகு கட்டுரை முழுக்க அந்தத் தத்துவவாதிதான் பேசுவார். படத்தில் என்ன நிறம், எது எங்கே இருக்கிறது, எந்தக் கோடு எங்கே முறிகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. தத்துவவாதி யோசித்தார், ஓவியர் அதற்குப் படம் போட்டார் என்ற நினைப்புதான் இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நல்ல ஓவியர் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசிக்கிறார். அந்த யோசனை கித்தானின் மேலேயே நடக்கிறது.

பெரிய தத்துவவாதிகளே இதில் சறுக்கியிருக்கிறார்கள். வான்கோ 1886இல் பாரிஸில் ஒரு ஜோடி பழைய பூட்ஸை வரைந்தார். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1930களின் நடுவில் கலை பற்றி நிகழ்த்திய உரைகளில் வான்கோவின் காலணி ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவை ஓர் உழவர் பெண்ணின் காலணிகள் என்று எழுதினார். தேய்ந்துபோன உள்வாயில் அவளுடைய உழைப்பின் களைப்பு தெரிகிறதாம். அந்தியில் வயல் பாதையின் தனிமை தெரிகிறதாம். அழகான உரைநடைதான், மறுக்கவில்லை. அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாப்பிரோ விடவில்லை. எந்தப் படத்தைச் சொல்கிறீர்கள் என்று கடிதம் எழுதிக் கேட்டார். 1930 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் பார்த்த படம் என்று ஹைடெக்கர் பதில் எழுதினார். அது இந்த 1886ஆம் ஆண்டுப் படம்தான் என்று ஷாப்பிரோ கண்டறிந்தார். அந்தக் காலணிகள் எந்த உழவர் பெண்ணுடையவையும் அல்ல, அப்போது நகரத்தில் வாழ்ந்த ஓவியருடையவையே என்று 1968இல் எழுதினார்.

யாருடைய காலணி என்பதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. காலணிகளைச் சுற்றி எதுவும் இல்லை, வயலின் மண்கூட அவற்றில் ஒட்டியிருக்கவில்லை என்று அந்த உரையில் ஹைடெக்கரே சொல்கிறார். கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் அங்கே நிற்காமல், இல்லாத மண்ணையும் வயலையும் அடுத்த பத்தியிலேயே கொண்டுவந்து கொட்டிவிட்டார். சொல்ல வேண்டியது முன்பே தயாராக இருந்திருக்கிறது. படம் அதற்கு ஒரு சாக்கு. இவ்வளவு பெரிய மனிதருக்கே இது நேர்ந்தது என்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

சரி, ஓவியர் யோசிப்பது எப்படி இருக்கும்? எனக்கு இதில் முதல் ஆள் பிரெஞ்சு ஓவியர் பால் செசான்தான். சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் அவருடைய ‘ஆப்பிள் கூடை’ (சுமார் 1893) ஓவியத்தின் படியை இணையத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மேசை விரிப்புக்கு இடப்பக்கம் தெரியும் மேசை விளிம்பையும் வலப்பக்கம் தெரியும் விளிம்பையும் ஒரு கோட்டில் சேர்க்க முடியாது. புட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தட்டில் அடுக்கிய பிஸ்கட்டுகளில் கீழே இருப்பவை பக்கவாட்டில் இருந்து பார்த்தவை போலவும், மேலே இருப்பவை மேலிருந்து பார்த்தவை போலவும் இருக்கின்றன. கூடையோ இந்தப் பக்கம் கவிழ்ந்துவிடும்போல நிற்கிறது. இத்தனையும் இருந்தும் படம் குலையவில்லை.

வரையத் தெரியாமல் செய்த பிழைகள் அல்ல இவை. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் உருவான, தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டும் தொலைநோக்கு முறை (perspective), பார்ப்பவரை அசையாத ஒற்றைக் கண்ணாக வைத்துக்கொண்டு உலகத்தை அளந்தது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய ஓவியம் பெரும்பாலும் அதையே உண்மை என்று நம்பியது. நாமோ இரண்டு கண்ணோடு, அசைகிற தலையோடு, நேரம் செலவழித்துப் பார்க்கிறவர்கள். புட்டியைப் பார்க்கும்போது ஓர் இடத்தில் இருக்கிறோம், தட்டைப் பார்க்கும்போது சற்றே வேறு இடத்தில் இருக்கிறோம். பார்ப்பது என்றால் என்ன என்ற கேள்வியைச் செசான் ஒரு மேசை விளிம்பில் வைத்துக் கேட்டுவிட்டார். அந்தப் படம் வரைந்து முடிந்தபோது, நம் அனுபவத்தில் பொருள்கள் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராயும் நிகழ்வியல் தத்துவத்தைத் தொடங்கிவைத்த ஹுஸெர்லின் ‘தர்க்க ஆய்வுகள்’ வெளிவரவே இல்லை. அது வந்தது 1900–01இல். யார் யாருக்குப் படம் போட்டது?

ஓவிய வணிகர் வொல்லாரைச் செசான் 1899இல் வரைந்த கதையும் எனக்கு மிகவும் பிடித்தது. வொல்லாரே எழுதிவைத்திருக்கிறார். 115 முறை அசையாமல் உட்கார்ந்தாராம். ஒருமுறை தூங்கி நாற்காலியோடு விழுந்தபோது, ஆப்பிள் அசையுமா என்று செசான் திட்டியிருக்கிறார். கடைசியில் படம் முடியவில்லை. கையில் இரண்டு சிறு இடங்களில் வண்ணம் படாமல் கித்தான் அப்படியே தெரிந்தது. அதை நிரப்பக் கூடாதா என்று கேட்டதற்கு, ஏதோ ஒரு நிறத்தை அங்கே வைத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து தொடங்கி முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும் என்றாராம் செசான். ஒரு பொட்டு நிறம் மாறினால் மற்ற எல்லா நிறங்களின் பொருளும் மாறும் என்று நம்பிய ஒருவரால்தான் இப்படிச் சொல்ல முடியும். எதுவும் தனித்து இல்லை, எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதலாம். அவர் அதைச் சொல்ல இரண்டு வெற்றிடங்களை விட்டுவைத்தார்.

1906 செப்டம்பரில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் இருந்துகொண்டு சற்று வலப்பக்கமும் சற்று இடப்பக்கமும் திரும்பியபடியே மாதக்கணக்கில் வரைய முடியும் என்கிறார். அப்போது அவருக்கு வயது 67. அடுத்த மாதம் வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் மாட்டிக்கொண்டு நோயுற்று, சில நாட்களில் இறந்துபோனார்.

அப்படியானால் தத்துவமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போந்தி 1945இல் செசான் பற்றி எழுதிய கட்டுரையை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவர் செசானிடம் பாடம் கேட்கப் போனவர். செசான் வரைந்த சாந்த் விக்துவார் மலைப் பக்கம், லெ தொலொனே என்ற ஊரில் 1960 கோடையில் தங்கித்தான் கண்ணையும் மனத்தையும் பற்றிய தன் கடைசிப் பெரிய கட்டுரையை எழுதினார். பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவவாதி டெகார்ட் பார்வையை எப்படி வெறும் கணக்காக மாற்றினார் என்று அதில் கேட்கும்போது, அந்தக் கேள்விக்கான துணிச்சல் ஓவியர்களிடமிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

பெல்ஜிய ஓவியர் மக்ரித் போன்று தத்துவம் படித்த ஓவியர்களும் உண்டு. அவரும் மாணவராக நிற்கவில்லை. பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோவின் நூலைப் படித்துவிட்டு 1966இல் அவருக்கே கடிதம் எழுதித் தன் மாற்றுக் கருத்தைச் சொன்னார். மக்ரித்தின் புகைக்குழாய் ஓவியத்தைப் பற்றி ஃபூக்கோ பிறகு ஒரு நூலே எழுதினார்.

கண்காட்சிகளில் சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு, இது நமக்குப் புரியாது என்று படத்தைப் பார்க்காமலே நகர்ந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கண் இருக்கிறது. குறிப்பு எழுதியவர் அந்தக் கண்ணை நம்பவில்லை. இதுதான் எனக்குக் கோபம். அத்தகைய குறிப்புகளை எழுதுகிற நண்பர்களே, முதல் பத்தியில் படத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். விளிம்பு எங்கே விலகுகிறது, எந்த இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது, எந்த நிறம் எதன் மேல் ஏறியிருக்கிறது என்று சொல்லுங்கள். தத்துவவாதியின் பெயர் இரண்டாம் பத்தி வரை காத்திருக்கட்டும்.