கரண்டி எண்ணியவரின் மகன் எழுதுவது

டிசம்பர் 4, கடற்படை தினக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்பாவுக்குச் சால்வை போர்த்தியவர், "1971இல் விக்ராந்தில் எதிரியைக் கலங்கடித்த வீரர், அப்புறம் சத்துணவில் கரண்டி எண்ணிக் காலத்தை ஓட்டினார்" என்றார். அரங்கமே சிரித்தது. காது மந்தமான அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாகிஸ்தானோடு நடந்த அந்தப் போரை நான் குறைத்துப் பேசவில்லை. விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். மற்ற மூன்றை வைத்துத்தான் கப்பலை ஓட்டினார்கள். அதிலிருந்து எழும்பிய சீ ஹாக் போர் விமானங்கள் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியபோது அப்பா கீழே, கொதிகலன் அறையில், அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விமானம் கிளம்பியதைக்கூட அவர் பார்க்கவில்லை. கலங்கடித்தாராம்! புகழ்ச்சியையாவது விசாரித்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, கரண்டிக்கு வருகிறேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். கடற்படையிலிருந்து வந்துவிட்ட அப்பா, பிறகு ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவு மையங்களைச் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். என் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒருநாள் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். பையில் சின்னத் தராசு. பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்றால் 100 கிராம். மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். மேலே இருப்பது எப்போதும் நல்ல அரிசிதான். கரண்டியைத் தலைதட்டிப் போட்ட ஆயாவிடம், "தட்டாமல் போடுங்கள் அம்மா" என்றார். கரண்டி எண்ணினார்தான். யாராவது எண்ணத்தான் வேண்டும்.

"உயிரைப் பணயம் வைப்பதும் சோறு போடுவதும் ஒன்றா?" என்பீர்கள். ஒன்றில்லை. அதே போரில் நம் கடற்படையின் குக்ரி கப்பல் மூழ்கி 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அந்தப் பேச்சு வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். "சம்பளத்துக்குத்தானே செய்தார்?" கடற்படையில் மட்டும் சம்பளம் வாங்காமலா இருந்தார்? "சத்துணவில் திருட்டே நடக்கவில்லையா?" நடந்தது. அதனால்தான் தராசு. அதனால்தான் மூன்று இடமாற்றம். பாத்திரம் பண்டங்களை லாரியில் ஏற்றிய நாட்களில் சால்வையோடு யாரும் வரவில்லை. இதையெல்லாம் வெளியே பேசாதே என்பார் அம்மா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு என்ன வேலை என்று கல்லூரியில் கேட்டவர்களிடம் "கடற்படை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆகவே, மேடையில் பேசியவர்மேல் மட்டும்தான் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம்.

தயவுசெய்து அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள். அப்பா அதை ஒலியைக் கூட்டி வைத்து மூன்று முறை பார்த்துவிட்டார்.