ஹாலை ரத்து செய்துவிட்டுத் தெருவில் நடங்கள்

இருபது முப்பது வருஷம் கழித்து, வளர்ந்த ஊரில் பழைய கூட்டாளிகளைச் சந்திக்கத் திட்டம் போடுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு ஹால் பிடிப்பதுதான். நாற்பது பேர், ஒரு மைக், வரிசையாக எழுந்து சுய அறிமுகம், கடைசியில் குரூப் போட்டோ. கலையும்போது யார் என்ன வேலையில் இருக்கிறார், யார் பிள்ளை எங்கே படிக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். இதற்கு வாட்ஸப் போதும். அவ்வளவு தூரம் வந்தது எதற்கோ, அதை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள்.

என் கட்சி இதுதான்: நாலு பேர், ஒரு தெரு, ஆளுக்கொரு தாள். ஐந்தாவது ஆள் சேர்ந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கும். அல்லது சத்தமாகப் பேசுகிறவர் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நாற்பது பேர் வந்தால் பத்துக் குழு. காலையில் தனித்தனியாக நடக்கட்டும், சாயந்திரம் சேர்ந்துகொள்ளட்டும்.

தாள் எதற்கு? கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் போன வழியை ஒரு ஏ4 தாளில் வரையவேண்டும். இருபது நிமிஷம் போதும். எந்த வீட்டில் யார், எந்த முக்கில் நாய், எந்தச் சுவர் ஏறிக் குதிக்க வசதி, எல்லாம் அதில் வரட்டும். போனில் மேப்பைத் திறக்கக் கூடாது. வரைந்ததைக் குரூப்பில் போடவும் கூடாது, போட்டால் அதோடு போச்சு. முதலில் வந்த படத்தைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் ஞாபகத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

இது வெறும் ஊகமில்லை. மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூர்வதைவிட, தனித்தனியாக நினைவுகூர்ந்து கூட்டிப் பார்த்தால் அதிகம் தேறும் என்பதை வெல்டன், பெல்லிங்கர் என்ற உளவியலாளர்களின் 1997 ஆய்வு காட்டியது. ஒருவர் பேசும் வரிசை அடுத்தவர் மனதில் ஓடிக்கொண்டிருந்த வரிசையை அறுத்துவிடுவது இதற்கு ஒரு காரணம். எனவே முதலில் தனியாக எழுது, அப்புறம் கூடிப் பேசு. நாலு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்துக்கு முதலில் போங்கள். பேச்சு அங்கேதான் கிடக்கிறது.

போனதும் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: “எல்லாம் சின்னதாயிடுச்சே!” எதுவும் சின்னதாகவில்லை, அளவுகோல்தான் மாறிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 120 செ.மீ., கண் அதற்கும் பத்து செ.மீ. கீழே. பிள்ளை எடுத்துவைக்கும் ஒரு எட்டு ஏறத்தாழ அரை மீட்டர் என்று வைத்தால், 500 மீட்டர் தெரு அதற்கு ஆயிரம் எட்டு. உங்களுக்கு எழுநூறுக்குள் முடிந்துவிடும். முட்டி ஒத்துழைத்தால் ஒன்று செய்து பாருங்கள்: பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே முழங்காலிட்டு நில்லுங்கள். சராசரி உயரமுள்ளவர் என்றால் கண் கிட்டத்தட்ட 110 செ.மீ.க்கு இறங்கிவிடும். மதிலுக்கு அந்தப்பக்கம் மறையும். கேட்டின் தாழ்ப்பாள் முகத்துக்கு நேரே வரும். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி நாலு பேரில் ஒருவருக்காவது சொல்ல ஏதாவது இருக்கும். போகிற வருகிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

காரில் ஏசி போட்டுக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள். வாசனை கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு முந்தியவை. வார்த்தையோ படமோ அவ்வளவு பின்னால் இழுக்காது. ஆனால் மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும். முதல் சில நிமிஷம்தான் கணக்கு. ஊர் எல்லையிலேயே இறங்கி நடங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். “ஞாபகம் இருக்கா?” என்று கேட்காதீர்கள். இல்லாதவர் சங்கடத்தில் “இருக்கு, இருக்கு” என்பார், சாயந்திரத்துக்குள் அவரே அதை நம்பிவிடுவார். 2002-இல் உளவியலாளர் கிம்பர்லி வேடும் அவருடைய சகாக்களும் இருபது பேரிடம், சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் போனதாக ஒட்டுவேலை செய்த போட்டோவைக் காட்டினார்கள். மூன்று சந்திப்பு முடிவதற்குள் பாதிப் பேர் நடக்காத அந்தப் பயணத்தை ஓரளவுக்காவது ‘நினைவுகூர்ந்தார்கள்’. அதனால் “அந்தத் திண்ணையில யார் உக்காந்திருப்பாங்க?” என்று திறந்து கேளுங்கள். பழைய வகுப்புப் போட்டோவையும் கடைசிவரை பையிலேயே வைத்திருங்கள். எடுத்துவிட்டால் பேச்சு அந்தச் சட்டத்துக்குள்ளேயே சுற்றும்.

பட்டப்பெயர் விஷயத்தில் நான் கறார். முதலில் சொந்தப் பெயர். அவரே பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்தால் அப்புறம் பார்க்கலாம். கிண்டல் செய்தவனுக்கு அது ஜாலி, மறந்தும் போயிருப்பான். வாங்கிக்கட்டியவனுக்கு நாள், கிழமையோடு ஞாபகம் இருக்கும். வரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் இரண்டாவது முறை அழுத்திக் கூப்பிடாதீர்கள்.

ஏற்பாடு செய்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் போட்டுப் பேசிவிட வேண்டும். இறந்துபோனவர் யார் என்பதை அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். சிரிப்புக்கு நடுவே “அவன் எங்கடா?” என்று ஒருவர் கேட்டு, பதில் வந்து, அப்புறம் அந்த நாள் எழுந்திருக்காது.

பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே அனுமதி வாங்கி, விடுமுறை நாளில் போங்கள். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் கேட்டருகே நின்று போட்டோ எடுக்கும் கும்பலை விரட்டத்தான் செய்வார்கள், அது நியாயமும்கூட. பழைய வீட்டுக் கதவைத் தட்டினால் யார், எந்த வருஷம் வரை அங்கே இருந்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே கூப்பிட்டால் மட்டும் போகலாம். “இங்க இருந்த மரத்தை ஏன் வெட்டினீங்க?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீடு இப்போது அவர்களுடையது.

பேச்சைப் பதிவு செய்வதாக இருந்தால் எல்லோரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இடத்துக்கு ஒன்றாக, பத்து நிமிஷத் துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிநேர ஃபைலை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. தொடக்கத்தில் இடமும் தேதியும் சொல்லிவிட்டால் பிற்பாடு தேட வசதி. நாலு தாளின் பின்பக்கத்திலும் பெயரும் தேதியும் எழுதி போட்டோ எடுத்துக் குரூப்பில் போடலாம், இப்போது தடையில்லை. கிணறு தெருவுக்கு இடப்பக்கம் என்று ஒருவரும் வலப்பக்கம் என்று ஒருவரும் போட்டிருந்தால் இரண்டும் அப்படியே இருக்கட்டும்.