பேக் அமுக்கினா நான் தேடின லிஸ்ட் திரும்பி வரணும்

ப்ரோகிராம் கோடு எழுதற, படிக்கற எடிட்டர்ல, பேக் அமுக்கினா ஃபைல் மட்டுமில்ல, தேடின ரிசல்ட் லிஸ்ட்டும் திரும்பி வரணும்னு நான் கேட்டிருந்த ரெக்வெஸ்ட்டை அந்த எடிட்டரைச் செய்றவங்க நேத்து க்ளோஸ் பண்ணிட்டாங்க. போன வாரம் பூரா இங்க அதைத்தானே பேசிட்டிருந்தோம். காரணம் ஒரே வரி, "யூஸர் மறுபடி தேடிக்கலாம்."

எனக்கு பத்திக்கிட்டு வர்றதே அந்த வரியாலதான்.

ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்ற கோடு துண்டு, அதோட பேரைப் போட்டு தேடறோம், ரிசல்ட் மளமளன்னு வருது, நடுவுல ஒண்ணைத் திறந்தா அது வேற எதையோ கூப்பிடுது, அங்க போனா ஒரு வேரியபிள் (மதிப்பை வச்சிருக்கற பேர்) மேல சந்தேகம், சரின்னு அதைத் தேடினா முதல் லிஸ்ட் காலி. பேக் அமுக்கினா ஃபைல் ஃபைலா பின்னாடி போகும், லிஸ்ட் மட்டும் வராது, அதுல எந்த வரி வரைக்கும் பார்த்து முடிச்சேன்னும் தெரியாது. ஃபைல் மாதிரியே தேடலும் ஒரு இடம்தாங்க. அங்கயும் நான் நின்னிருக்கேன். அங்க திரும்பிப் போக வழி வேணும், அவ்வளவுதான் கேட்டேன்.

நான் பார்க்கறது ஒரு பழைய பில்லிங் கோடு. எழுதினவர் வேலையை விட்டுப் போயாச்சு. வரி கணக்குல பைசா எங்க ரவுண்ட் ஆகுதுன்னு ஒவ்வொரு இடமா பார்க்கணும், ஒண்ணு விட்டாலும் பில் தப்பா போகும். பாதி லிஸ்ட் முடிச்சிருப்பேன், யாராவது அவசரம்னு கூப்பிட்டு இன்னொண்ணைத் தேட சொல்லுவாங்க. ரேஷன் கடை வரிசையில ஒரு நிமிஷம் விலகினவனை கடைசில போய் நில்லுன்னு சொல்ற மாதிரிதான், மறுபடி முதல்ல இருந்து. இப்போ பக்கத்துல ஒரு நோட்டு வச்சு ஃபைல் பேர், லைன் நம்பர் எல்லாம் பேனாவால எழுதிக்கறேன். கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சுக்க வேண்டியதை நான் எழுதிட்டு இருக்கேன்.

உடனே "விம்முக்கு மாறுங்க"ன்னு வருவாங்க. விம்ங்கற அந்தப் பழைய எடிட்டர் எனக்கும் தெரியும். கண்ட்ரோல் ஓ பின்னாடி, கண்ட்ரோல் ஐ முன்னாடி, 100 இடம் வரைக்கும் வச்சிருக்கும், ஒரு வரி மேல கீழ நகர்ந்ததையெல்லாம் கணக்குல எடுக்காது, அந்த அளவுக்கு யோசிச்சு செஞ்சிருக்காங்க. அதுல ரிசல்ட் லிஸ்ட் வர்ற க்விக்ஃபிக்ஸ்ங்கற இடத்துல பழைய லிஸ்ட் 10 வரைக்கும் இருக்கும், கோல்டர்னு (:colder) ஒரு கட்டளை அடிச்சா முந்தின லிஸ்ட், நின்ன வரியோட வரும். அப்போ முடியாத விஷயம் இல்லல்ல? ஆனா அங்கயும் ரெண்டும் தனித்தனி. கண்ட்ரோல் ஓ அடிச்சா பழைய லிஸ்ட் வராது. ஒரே பாதையில நடந்த எனக்கு திரும்பி வர மட்டும் எதுக்கு ரெண்டு பாதை?

முன்னாடி போறதை யாரும் மதிக்கறதே இல்ல. ஈமேக்ஸ்னு இன்னொரு எடிட்டர்ல டெஃபனிஷனுக்கு, அதாவது ஒரு ஃபங்ஷனை எழுதி வச்ச இடத்துக்குப் போயிட்டு பின்னாடி வரலாம், அங்கிருந்து மறுபடி முன்னாடி போற கட்டளை 2023ல 29ஆம் வெர்ஷன்லதான் வந்துச்சு. பல இடத்துல ப்ரவுசர் ரூல்தான், பேக் வந்து புதுசா ஒரு பக்கம் போனா பழைய முன்பாதை அழிஞ்சுடும். கோடு படிக்கறவங்க அப்படியா படிக்கறோம்? பின்னாடி வந்து, வேற கிளையில போய்ப் பார்த்துட்டு, அந்தப் பழைய கிளைக்கும் திரும்பணும். நாம அழிச்சு எழுதின மாற்றத்தையெல்லாம் (அண்டூ) விம் 2006ல இருந்தே மரமா சேர்த்து வைக்குது, எந்தக் கிளைக்கும் திரும்பலாம். எழுதறவனுக்கு அந்த வசதி, படிக்கறவனுக்கு இல்ல.

படிச்ச பாதையையும் அப்படி மரமா காட்டினா குழம்பும்ங்கறாங்க. அது நியாயம், ஒத்துக்கறேன், அப்போ கடைசியா தேடினதை மட்டும் வரிசையா காட்டுங்க. மெமரி தின்னுமாம். தேடின வார்த்தை, ஃபோல்டர், நின்ன வரி, இதுக்கு எவ்வளவு மெமரி? நடுவுல கோடு மாறிட்டா என்ன செய்றதுன்னா, அந்த வரியோட எழுத்தையும் சேர்த்து வைங்க, நம்பர் மாறினாலும் கண்டுபிடிச்சுடலாம்.

இதெல்லாம் அந்த ரெக்வெஸ்ட்லயே எழுதியிருந்தேன். ஒருத்தரும் படிச்ச மாதிரி தெரியல. புதுசா எழுதறதுக்கு எத்தனை வசதி சேர்க்கறாங்க, அடுத்தவன் எழுதினதை உட்கார்ந்து படிச்சு சரி பண்றவங்க கேட்டா மட்டும் "மறுபடி தேடிக்கலாம்." எங்க நேரம் நேரமே இல்லையா? வேலைல பாதி நாள் நாங்க படிச்சுட்டுதான் இருக்கோம், அதுவும் வேலைதான்னு ஒத்துக்கிட்டிருந்தா அந்த வரியை எழுத கை வந்திருக்காது.

மறுபடி ஓபன் பண்ணச் சொல்லி எழுதிட்டேன். இதே கஷ்டம் இருக்கறவங்க அங்க போய் உங்க அனுபவத்தை எழுதுங்க, இங்க லைக் போட்டுட்டுப் போகாதீங்க.