அழித்தும் போகாத நாற்பது ஜிபி

ராத்திரி ரெண்டே காலுக்கு போன். சர்வரில் டிஸ்க் ஃபுல். எழுந்து லாகின் பண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு லாக் ஃபைல் (அப்ளிகேஷன் தன் நடப்பை எழுதிவைக்கிற குறிப்பேடு), 40 ஜிபி. நாலு மாசம் முன்னால் எந்த மகானோ ஒரு சிக்கலைப் பிடிக்க ஒன்றுவிடாமல் எழுதித் தள்ளுகிற டீபக் லாகைத் திறந்துவிட்டு, சிக்கல் தீர்ந்ததும் அப்படியே போய்விட்டார். மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பின மாதிரி.

அழிக்கிற கட்டளையான ஆர்எம் அடித்தேன். ஃபைல் போயிற்று. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்கிற டிஎஃப் அடித்தேன். 100 சதவீதம்.

மறுபடி அடித்தேன். 100. ஃபைல் பட்டியலுக்கு எல்எஸ் போட்டால் ஃபைல் இல்லை. ஃபைல் ஃபைலாகக் கூட்டிச் சொல்கிற டியூவைக் கேட்டால் மொத்தமே 7 ஜிபிதான் என்கிறது. டிஎஃப்போ 50-ல் 47 போயிற்று, மிச்சம் பூஜ்யம் என்கிறது. (50-ல் 47 போனால் பூஜ்யமா என்று கேட்காதீர்கள், ஈஎக்ஸ்டி4 என்கிற ஃபைல் சிஸ்டம், ரூட் என்கிற தலைமை யூசருக்கென்று 5 சதவீதத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும்.) ஒரே டிஸ்க், ரெண்டு கணக்குப்பிள்ளை, ரெண்டு கணக்கு.

இதற்குள் கான்ஃபரன்ஸ் காலில் ஆறு பேர் சேர்ந்தாயிற்று. ஒருவர் மூணு நிமிஷத்துக்கு ஒரு தரம் "எனி அப்டேட்?" இன்னொருவர் "ஐநோட் தீர்ந்திருக்குமோ?" ஐநோட் என்பது ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் இருக்கிற பதிவு. பார்த்தேன், 6 சதவீதம்கூடச் செலவாகவில்லை. மூன்றாமவர் ரொம்ப மரியாதையாக, "சார், நிஜமாவே டிலீட் பண்ணீங்களா?"

பண்ணினேன் ஐயா. ஆனால் யூனிக்ஸ் வம்சத்தில் ஆர்எம் ஃபைலை அழிக்காது, பெயரைத்தான் அழிக்கும். ஃபைல் என்பது ஐநோட், டைரக்டரியில் இருப்பது அதற்கு ஒட்டின பெயர்ச்சீட்டு. கடைசிச் சீட்டும் கிழிந்து, அதைத் திறந்து வைத்திருக்கிற கடைசி ப்ராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோக்ராமும், கையை விட்டால்தான் இடம் திரும்பி வரும். எங்கள் ஜாவா அப்ளிகேஷன் விடுமா? பெயரில்லாத அந்த ஃபைலை அப்போதும் திறந்து பிடித்துக்கொண்டேதான் இருந்தது. ரேஷன் கார்டில் பெயரை அடித்தாயிற்று, ஆனால் ஆள் உள்ளே உட்கார்ந்து மூணு வேளையும் சாப்பிடுகிறார். டியூ கார்டைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறது, டிஎஃப் அரிசி மூட்டையைப் பார்த்துச் சொல்கிறது.

இது எனக்குத் தெரியாதா? இன்டர்வியூவுக்கு வருகிற அத்தனை பிள்ளைகளிடமும் நான் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். முழிப்பவர்களைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் சிரிப்பேன். ரெண்டு மணித் தூக்கத்தில் அழிக்காமல் காலி மட்டும் செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, திறந்திருக்கிற ஃபைல்களைப் பட்டியல் போடுகிற எல்எஸ்ஓஎஃப் போட்டால், அந்த ஃபைலுக்குப் பக்கத்திலேயே 'டிலீட்டட்' என்று பளிச்சென்று காட்டியது. அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் பண்ணினால் முடிந்தது, ஆனால் அதற்கு அப்ரூவல் வேண்டும், அப்ரூவல் தருகிறவர் தூங்குகிறார். அவர் தூங்கலாம், அவருக்கு அப்ரூவல் வேண்டாம். கடைசியில் ஓடுகிற ப்ராசஸ்களின் விவரம் இருக்கிற ப்ராக் டைரக்டரிக்குள் போய், அந்த ப்ராசஸ் ஃபைலைப் பிடித்திருந்த பிடியான டிஸ்கிரிப்டர் வழியாகவே ஃபைலைக் காலி செய்தேன். 15 சதவீதம். மணி நாலரை. எனி அப்டேட்காரர் உடனே "சூப்பர், ஒன்பதுக்குள் ரூட் காஸ் மெயில் அனுப்பிடுங்க."

ஏழு மணிக்குக் கண் அசந்த நேரம் பார்த்து பெரியப்பா போன். "தம்பி, போன்ல இடமே இல்லேங்குது. குட்மார்னிங் படம் அத்தனையும் அழிச்சுட்டேன்டா, அப்பவும் அதையே சொல்லுது."

குப்பைத்தொட்டியைக் காலி பண்ணினீங்களா பெரியப்பா என்றேன். "உங்க பெரியம்மா நேத்தே கொட்டிட்டாளே" என்கிறார்.