ஆயுத பூஜைக்கு டீசல் அபிஷேகம்

ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து. ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டை வரைக்கும் எந்த வாட்டர் வாஷ் வாசல்ல பார்த்தாலும் வண்டி வரிசை கட்டி நிக்கும். "மழைக்கு முன்னாடி வாக்ஸ் போட்டுடலாம்ண்ணா, பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆவாது"ன்னு கடைத் தம்பி சொல்வார். நாமளும் தலையாட்டுவோம். அரை மணி நேரத்துல வண்டி கண்ணாடி மாதிரி வெளிய வரும். அந்த அரை மணி நேரத்துல நடந்த அநியாயத்தை ஐப்பசி கார்த்திகை மழை மொத்தமும் சேர்ந்து கொட்டினாலும் செய்ய முடியாது.

முதல்ல அந்த டீசல். வண்டியை லிஃப்ட்ல ஏத்தி அடியில தண்ணி அடிச்சு முடிச்சதும், ஸ்ப்ரே கன்னுல டீசலை ஊத்தி சேஸிஸ் முழுக்கப் புகை மாதிரி அடிப்பாங்க. பழைய இன்ஜின் ஆயிலும் கலந்திருந்தா இன்னும் விசேஷம். கருகருன்னு மினுங்கும், நமக்கும் மனசு குளிரும். ரெண்டு நாள் கடலோர ஈ.சி.ஆர். ரோட்டுல ஓட்டினதும் அந்தப் பிசுக்குல மணலும் தூசியும் அப்பிக்கும். அது கூட பரவாயில்ல. கீழ குலுங்கலைத் தாங்கற லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் புஷ், இன்ஜின் மவுன்ட் எல்லாத்துலயும் ரப்பர். டீசல்ல ஊறினா ரப்பர் உப்பும், இளகும், கடைசியில வெடிக்கும். அப்புறம் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் "டொக்கு டொக்கு"ன்னு சத்தம். மெக்கானிக் புஷ் செட் மாத்தணும்பார், நாம ரோட்டைத் திட்டுவோம். பிரேக் டிஸ்க்ல நாலு சொட்டு தெறிச்சா இன்னும் மோசம். பிரேக் பேட் அதைக் குடிச்சுக்கும், பிடிக்க வேண்டிய நேரத்துல பிரேக் வழுக்கும். இத்தனையும் பண்ணிட்டு துருவையாவது தடுக்குதா? நாலு மழையில கழுவிட்டுப் போயிடும் அந்த டீசல். அதுக்குப் பேரு "அண்டர்பாடி ட்ரீட்மென்ட்". தனி சார்ஜ் வேற.

பனி பெய்யற நாட்டுல ரோட்டுல ஐஸ் உருகறதுக்கு உப்பு கொட்டுவாங்க. அந்த உப்புக்குப் பயந்துதான் அங்க குளிர்காலத்துக்கு முன்னாடி வண்டியைக் கழுவி வாக்ஸ் போடற வழக்கம். நமக்கு யாரும் உப்பு கொட்ட வேணாம், பன்னண்டு மாசமும் கடலே அனுப்பி வைக்குது. தேவனாம்பட்டினத்துலயோ காலாப்பட்டுலயோ ராத்திரி வெளிய நிக்கிற வண்டியோட கண்ணாடியைக் காலையில விரலால தடவி நாக்குல வெச்சுப் பாருங்க, தெரியும். மழைக்காலத்துல அடுப்படி உப்பு ஜாடி கசியுதுல்ல, அதே கதைதான் சேஸிஸ் மேலயும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சாதா உப்பு தானாவே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்புல இருக்கிற மெக்னீசியம் குளோரைடு அதுக்கும் ரொம்ப முன்னாடியே இழுத்துடும். நம்ம ஊர் ராத்திரிக்கு 75 எல்லாம் ஒரு விஷயமா? ஆக, மழையே பெய்யலைன்னாலும் உப்பு படிஞ்ச இரும்பு விடிய விடிய நனைஞ்சுதான் கிடக்குது.

இதுக்கு வேண்டியது டீசல் இல்ல, வெறும் நல்ல தண்ணி. சக்கரத்துக்கு மேல இருக்கிற ஆர்ச்சோட உள்பக்க விளிம்பைப் பாருங்க, தகடு உள்நோக்கி மடிஞ்சிருக்கும். கைக்கு ஒரு கிளவுஸ் போட்டுக்கிட்டு அந்த மடிப்புக்குப் பின்னாடி விரலை விட்டு இழுத்தா ஒரு கை மண்ணு வரும். ஆரோவில் பக்கம் ஓடற வண்டின்னா செம்மண்ணு, கொழகொழன்னு. மேல வெயில் காஞ்சாலும் உள்ள அந்த மண்ணு வாரக்கணக்குல காயாது. துரு புறப்படற இடம் அதுதான். பிரஷர் கன்னுல அடிச்சா மேல் மண்ணு போகும், மடிப்புக்குள்ள இருக்கிறது இன்னும் இறுகும். சாதா ஓஸ்ல தண்ணியை மெதுவா விட்டு, ஆர்ச்சுக்கு ரெண்டு நிமிஷம் ஊற வெச்சு, விரலாலயோ பழைய டூத் பிரஷ்ஷாலயோ கிளறி எடுக்கணும். இதைச் செய்யற ஒரு கடையைக் காட்டுங்க பார்ப்போம்.

அடுத்தது ஓட்டைகள். ஒவ்வொரு கதவோட அடி விளிம்புலயும் ரெண்டு மூணு சின்ன ஓட்டை இருக்கும். ஜன்னல் வழியா கதவுக்குள்ள இறங்கற மழைத் தண்ணி வெளியேற வேண்டிய வழி அது. மண்ணும் பாலீஷ் காஞ்ச பொடியும் அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ளயே தேங்கி, கதவு அடியில இருந்து உப்பிக்கிட்டு வரும். பெயிண்ட் கொப்புளிச்சதுக்கு அப்புறம் பார்த்துப் புண்ணியம் இல்ல, உள்ள தகடு ஏற்கெனவே போயிருக்கும். ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா போதும் அடைப்பு எடுக்க. வைப்பருக்குக் கீழ இருக்கிற ஜாலியையும் பாருங்க. வேப்பஞ்சருகும் புங்கம்பூவும் அடைச்சுக் கிடந்தா, பெய்யற மழை வண்டிக்குள்ள கால் வைக்கிற இடத்துக்கு வந்துடும். கார்பெட்டுக்கு அடியில ஒரு பஞ்சு மெத்தை இருக்கு, அது நனைஞ்சா வாரக்கணக்குல காயாது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்போ புதுச்சேரித் தெருவுல தேங்கின தண்ணியில நின்ன வண்டிகளுக்கும் இதேதான். மேல சீட்டைத் துடைச்சுட்டு அடியில மெத்தையைத் தூக்கிக் காய வைக்காம விட்டா, தரைத் தகடு உள்ள இருந்தே துரு புடிக்கும்.

இப்ப மேல வருவோம். சோப்பு நுரைன்னு பக்கெட்ல கலக்கறாங்களே, அது துணி துவைக்கிற பவுடர். காரம் ஜாஸ்தி, பி.எச். 10க்குக் கிட்ட. கார் ஷாம்பூ 7 பக்கத்துல இருக்கும். துணி அழுக்கை எடுக்கச் செஞ்ச பவுடர் பழைய வாக்ஸையும் சேர்த்து எடுத்துடும், பீடிங் ரப்பரையும் வறட்டிடும். சரி, வாக்ஸ் இருந்தாத்தானே போறதுக்குங்கிறீங்களா, அதுவும் சரிதான்.

துணியோ, பனியன் வேஸ்ட். அதே துணியால வீலைத் துடைச்சு, அதே துணியால பானெட். நடுவுல கீழ விழுந்தா ஒரு உதறு, அவ்வளவுதான். சிக்னல்ல விக்கிற மஞ்சத் துணியால தினமும் காலையில காஞ்ச தூசியைத் துடைக்கிறவங்களும் இதுல சேர்த்திதான், கோவிச்சுக்காதீங்க. கடல் மணல் கண்ணாடியை விடக் கெட்டி. ராத்திரி பெட்ரோல் பங்க் எல்.இ.டி. வெளிச்சத்துல பானெட்டைப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியும். அது மழை போட்ட கோலமா? முறை ரொம்ப சுலபம். ரெண்டு பக்கெட், ஒண்ணுல 10 லிட்டர் தண்ணிக்கு சுமார் 30 மில்லி கார் ஷாம்பூ, இன்னொண்ணுல வெறும் தண்ணி. முதல்ல வெறும் தண்ணி அடிச்சு மணலை இறக்கிடுங்க. அப்புறம் மைக்ரோஃபைபர் கையுறையால கூரையில இருந்து கீழ நோக்கி. ஒவ்வொரு பேனலுக்கும் அப்புறம் வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் திரும்ப ஷாம்பூவுல முக்கணும். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி பக்கெட்.

தண்ணி விஷயத்துல வீட்டுல கழுவறவங்களும் கோட்டை விடறாங்க. "ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணியை வீணாக்காம வண்டி கழுவறோம்"னு பெருமையா சொல்றாங்க. ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்றது உப்பு கூடின தண்ணி, உள்ள போனதை விட டி.டி.எஸ்., அதாவது கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, அதிகம். கடலோர போர் தண்ணியே உப்பு, அதைக் காய்ச்சி இன்னும் உப்பாக்கின மாதிரி. அதை கக்கூஸ்ல ஊத்துங்க, வண்டிக்கு வேணாம். வெயில்ல காஞ்சா வெள்ளைத் திட்டு திட்டா நிக்கும். புதுசா இருக்கும்போதே வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைச்சு உடனே அலசினா போகும், விட்டுட்டா நிறத்துக்கு மேல இருக்கிற கிளியர் கோட்ங்கிற நிறமில்லாத படலத்தை அரிச்சு உள்ள இறங்கிடும். கடைசி அலசலுக்கு மொட்டை மாடியில புடிச்ச மழைத் தண்ணியை மிஞ்சினது எதுவும் இல்ல. முதல் மழையை மட்டும் விட்டுடுங்க, அதுல மாடித் தூசி வரும்.

இனிமேதான் பெரிய மோசடி. "வாக்ஸ்"னு சொல்லி மெஷின்ல பஃப் போட்டு அடிக்கிறது வாக்ஸே இல்ல, ரப்பிங் காம்பவுண்ட். வாக்ஸ் ஒரு படலத்தைச் சேர்க்கும். காம்பவுண்ட் இருக்கிற படலத்தைத் தேய்ச்சு எடுக்கும். நேர் எதிர் வேலை. கிளியர் கோட் மொத்தமே 35ல இருந்து 50 மைக்ரான், கிட்டத்தட்ட பால் பாக்கெட் கவர் தடிமன். அதுதான் வெயில்ல இருந்து நிறத்தைக் காப்பாத்துது. அதை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை சுரண்டினா என்ன மிச்சம் இருக்கும்? பானெட் ஓரத்துலயும் கதவு மடிப்பு முனையிலயும் முதல்ல வெளுக்கும், பார்த்திருப்பீங்க. அடிச்சவுடனே வர்ற பளபளப்பு பாதி அதுல இருக்கிற எண்ணெய். கீறலை நிரப்பி மறைக்கும், ரெண்டு தடவை கழுவினா கீறல் திரும்ப வந்து நிக்கும். சோதிச்சுப் பாக்கணுமா? ஒரு வாரம் கழிச்சு பானெட் மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. முத்து முத்தா உருண்டு ஓடினா வாக்ஸ். தோசை மாவு மாதிரி பரவி நின்னா காசு போச்சு.

உண்மையான வாக்ஸ் போட மெஷினே வேணாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்குல தொடங்கும், அதுக்கு ஒரு வாரம் முன்னாடி போடுங்க. நிழல்ல, பானெட் கை வெச்சா சில்லுன்னு இருக்கும்போது. சுடற தகட்டுல போட்டா உடனே காஞ்சு திட்டு திட்டா ஒட்டிக்கும், தேய்ச்சுத் தேய்ச்சு கை ஓஞ்சுடும். கடைக்காரங்க நட்டநடு வெயில்ல போடறது அதனாலதான் அவ்வளவு அழகு. கழுவிக் காஞ்ச பெயிண்ட்டை, ஒரு பிளாஸ்டிக் கவரை விரல்ல மாட்டித் தடவுங்க. சொரசொரன்னா களிமண்ணாட்டம் இருக்கிற கிளே பாரை எடுத்து, ஷாம்பூ தண்ணி தெளிச்சு லேசா வழுக்கித் தேய்க்கணும். கீழ விழுந்த கிளேயைத் தூக்கிப் போட்டுடுங்க, மணல் ஒட்டினது சேண்ட் பேப்பர். அப்புறம் வாக்ஸ். சின்ன காருக்கு மொத்தமே ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு போதும். தடிப்பா அப்பினா அதிகப் பாதுகாப்பு இல்ல, அதிகமா துடைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு பேனல் தடவி அஞ்சு பத்து நிமிஷம் விட்டு, விரலால ஒரு கோடு இழுங்க. தெளிவா வந்தா துடைக்கலாம், பிசுபிசுன்னா இன்னும் கொஞ்சம் பொறுங்க. ஒரு வகைப் பனை ஓலையில இருந்து எடுக்கிற கார்னாபா வாக்ஸ்னா நம்ம வெயிலுக்கும் மழைக்கும் ஒண்ணரை மாசம் தாங்கும், நவம்பர் கடைசியில இன்னொரு தடவை. செயற்கை சீலன்ட்னா சீசன் முழுக்க வரும், ஆனா போட்ட அன்னைக்கு ஒரு ராத்திரி நனையக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் பம்பர்ல படாம பாருங்க, வெள்ளைக் கறை ஏறினா போகாது. பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ் பைக்குக்கு வாக்ஸும் கிடையாது, பாலீஷும் கிடையாது. அங்கங்க பளபளத்து வழுக்கை விழுந்த மாதிரி ஆயிடும். இது தெரியாம எத்தனை மேட் வண்டியை நாசம் பண்ணியிருக்காங்க!

பூஜை முடிஞ்சதும் சந்தனம், குங்குமத்தை மூணு நாள் அப்படியே விடாதீங்க. பம்பர்ல கட்டின வாழைக்கன்னுல இருந்து வடியற கறையை அன்னைக்கே தண்ணி விட்டு எடுத்துடுங்க, வேட்டியில பட்டாலே போகாத கறை அது.

அடுத்த தடவை "வாக்ஸ் போடறோம்ண்ணா"ன்னு தம்பி சொன்னா டப்பாவைக் காட்டச் சொல்லுங்க. டப்பாவுல காம்பவுண்ட்னு எழுதியிருந்தா, இல்ல லேபிள் கிழிஞ்ச மொட்டை டப்பாவா வந்தா, சாவியை வாங்கிக்கிட்டு கிளம்புங்க. லிஃப்ட்ல ஏத்தறதுக்கு முன்னாடி மறக்காம, "தம்பி, டீசல் வேணாம்."